ஊர் விஷயம் பேசினாலே சண்டையா? சேலத்தில் என்னிடம் திரும்பத் திரும்பக் கேட்ட கேள்விகள்

செவ்வாய்ப்பேட்டையில் ஒரு வெள்ளிக் கொலுசுப் பட்டறையில் கணக்கு எழுதுகிறவன் நான். மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம், அம்மாபேட்டையில் நண்பர் வீட்டு மாடியில் பதினைந்து இருபது பேர் கூடுவோம். சாதி, குடி, சொத்து, நிலம் என்று ஊர் விஷயம் பேசுவோம். பக்கத்து வீட்டில் தறி ஓடும். பேச்சு சூடாகிவிட்டால் தறிச் சத்தமே காதில் விழாது.

கூட்டம் முடிந்து செருப்பு மாட்டும்போது யாராவது ஒருவர் என்னைத் தனியாக நிறுத்தி ஒரு சந்தேகம் கேட்பார். ஒன்பது வருஷமாக ஏறக்குறைய அதே சந்தேகங்கள்தான். அவற்றைக் கேட்டவர்களின் வாய்ச்சொல்லிலேயே எழுதி, எனக்குத் தோன்றிய பதிலையும் வைத்திருக்கிறேன். ஆள் அடையாளம் தெரியாதபடி சிலதை மாற்றியிருக்கிறேன்.

சண்டை வரும்னு தெரிஞ்சும் எதுக்குங்க பேசணும்? வாயை மூடிட்டு இருந்தா நல்லதில்லையா?

சில இடங்களில் நல்லதுதான். இலை போட்ட பந்தியில், சாவு வீட்டில், ஓடுகிற பஸ்ஸில் எல்லாம் உலகத்தைத் திருத்த வேண்டியதில்லை.

ஆனால் எல்லா இடத்திலும் பேசாமல் இருந்தால், அதைச் சம்மதம் என்று அடுத்தவர் வரவு வைத்துக்கொள்வார். ஒரு கல்யாண மண்டபத்தில் ஒருவர் இன்னொரு சாதிக்காரரைக் கேலி செய்து ஒரு கதை சொன்னார். நானும் பல்லைக் காட்டிவைத்தேன். அடுத்த வாரம் ரோட்டில் என்னைப் பார்த்ததும் வண்டியை நிறுத்தி, அதைவிட மோசமான இன்னொன்றைச் சொன்னார். அவர் கணக்கில் நான் 'நம்மாளு' ஆகிவிட்டேன்.

நான் ஒண்ணு சொன்னா அவங்க வேற ஒண்ணு புரிஞ்சுக்கறாங்க. தப்பு என் மேலயா?

பாதி உங்கள்மேல், பாதி அந்தச் சொல்லின்மேல். ஏற்காட்டு மலைக் கிராமம் ஒன்றிலிருந்து வந்து சேலத்தில் காலேஜ் படிக்கும் ஒரு பெண் எங்கள் கூட்டத்துக்கு வந்திருந்தார். பேச்சு பழங்குடிச் சான்றிதழ் பக்கம் திரும்பியது. மளிகைக் கடை வைத்திருக்கும் அண்ணன் ஒருவர், "மலையாளிக்கு இங்க எதுக்குங்க சலுகை? அவங்க ஊர்ல போய் வாங்கிக்கட்டுமே" என்றார். அந்தப் பெண் பையை எடுத்துத் தோளில் மாட்டிக்கொண்டு எழுந்துவிட்டார். கடைசி பஸ்ஸுக்கு நேரமாச்சு என்றார். மணி ஐந்தரைகூட ஆகவில்லை.

அண்ணன் மனதில் இருந்தது கேரளா. ஏற்காடு இருக்கும் சேர்வராயன் மலையில் மலையாளி என்றால் அந்த மலைவாசி. பேசுவது தமிழ். காஞ்சிபுரத்திலிருந்து வந்தவர்கள் நாங்கள் என்பது அவர்கள் வழிவழியாகச் சொல்லும் கதை. சேலம், தருமபுரி போன்ற சில மாவட்டங்களில் பழங்குடிப் பட்டியலில் இருக்கிறார்கள். (ஈரோட்டுப் பக்கத்து மலைகளில் இருக்கும் இதே மக்கள் பட்டியலில் இல்லை. அவர்கள் பல வருஷமாகக் கேட்டுக்கொண்டிருப்பது தனிக் கதை.) பெயர் ஒன்றாக இருப்பதைத் தவிர கேரளத்தோடு ஒட்டும் இல்லை, உறவும் இல்லை. அண்ணனுக்கு இது தெரியாது. அவருக்குத் தெரியாது என்பது அந்தப் பெண்ணுக்குத் தெரியாது.

"அண்ணா, எந்த மலையாளியைச் சொல்றீங்க?" என்று நான் கேட்டிருந்தால் அங்கேயே முடிந்திருக்கும். கேட்கவில்லை. டீ சொல்லட்டுமா என்று பேச்சை மாற்றினேன். அந்தக் கூட்டத்தில் நடந்த பெரிய தப்பு அதுதான் என்று இப்போதும் நினைக்கிறேன்.

எதிராளி மனசுல என்ன இருக்குன்னு எப்படித் தெரிஞ்சுக்கறது? கேள்வி கேட்டாலே கோவம் வருதே?

'ஏன்' என்று ஆரம்பித்தால் கோபம் வரத்தான் செய்யும். "ஏன் அப்படி நினைக்கறீங்க?" என்பது போலீஸ் ஸ்டேஷன் கேள்வி. "எப்ப இருந்துங்க அப்படித் தோணுச்சு?" என்று கேட்டுப் பாருங்கள். கொள்கை சொல்ல வந்தவர் ஒரு சம்பவத்தைச் சொல்ல ஆரம்பிப்பார். அதுதான் நமக்கு வேண்டியது.

அப்புறம், பதில் சொல்வதற்கு முன்னால் அவர் சொன்னதை உங்கள் வாயால் ஒரு தடவை சொல்லுங்கள். "ஆமாங்க, அதான்" என்று அவர் தலையாட்டும் வரைக்கும் உங்கள் கருத்துக்குப் போகாதீர்கள். இது ஏதோ புதுப் பயிற்சி வகுப்புச் சரக்கு இல்லை. நன்னூல் என்ற பழைய இலக்கண நூலில் எழுவகை மதம் என்று ஒரு பட்டியல் உண்டு. (மதம் என்றால் அங்கே கருத்து, கொள்கை.) அதில் ஒன்று 'பிறர்தம் மதமேற்கொண்டு களைவு'. அடுத்தவர் கருத்தை முதலில் ஏற்று நின்று, பிறகு நீக்குவது. நம்மில் பலர் மேற்கொள்ளாமலே களையப் பார்க்கிறோம்.

இட ஒதுக்கீடு பத்தி பேச்சு வந்தா ரெண்டு நிமிஷத்துல கத்தல் ஆயிடுது. ஏன் இப்படி?

ஒருவர் எண்ணைப் பேசுகிறார், இன்னொருவர் வீட்டைப் பேசுகிறார். பையனுக்கு மருத்துவ சீட்டு அரை மார்க்கில் போன அப்பா, ஒதுக்கீடு என்ற சொல்லைக் கேட்டதும் பையன் கதவைச் சாத்திக்கொண்டு படுத்திருந்த அந்த வாரத்தைத்தான் பேசுகிறார். எதிரே இருப்பவருக்குத் தன் தாத்தா பள்ளிக்கூடத் திண்ணைக்கு வெளியே நின்று கேட்ட பாடம் ஞாபகம் வருகிறது. இரண்டு பேரும் சதவீதத்தைத்தான் வாயில் வைத்திருப்பார்கள். சண்டை சதவீதத்தில் இல்லை. அதனால் நான் முதலில் பார்ப்பது ஒன்றுதான்: இவர் இப்போது எண் பேசுகிறாரா, வீடு பேசுகிறாரா? வீடு பேசுகிறவரிடம் எண்ணை நீட்டினால் புண்ணில் அளவுகோல் வைத்த மாதிரி.

உண்மையிலேயே எண் பேசுகிறார் என்றால் எண்ணைச் சரியாக வையுங்கள். தமிழ்நாட்டில் மொத்தம் 69 சதவீதம். பிற்படுத்தப்பட்டோருக்கு 26.5, பிற்படுத்தப்பட்ட முஸ்லிம்களுக்கு 3.5, மிகப் பிற்படுத்தப்பட்டோர் மற்றும் சீர்மரபினருக்கு 20, பட்டியல் சாதியினருக்கு 18 (அதற்குள் 2009 முதல் அருந்ததியருக்கு 3), பழங்குடியினருக்கு 1. எங்கள் மாடியில் இதைச் சாக்பீஸால் தரையில் எழுதினோம். "எல்லாத்தையும் அவங்களே வாங்கிட்டுப் போறாங்க" என்று அதுவரை பேசிக்கொண்டிருந்த ஒருவர், தன் சாதி எந்த வரியில் வருகிறது என்று தேடினார். முதல் வரியிலேயே இருந்தது. யாரும் எதுவும் சொல்லவில்லை. சொல்லாமல் இருந்ததால்தான் அவர் அடுத்த மாதமும் வந்தார்.

டாஸ்மாக்கை மூடணும்னு நான் சொன்னா, 'அரசாங்கத்துக்கு வருமானம் எங்கிருந்து வரும்'னு கணக்கு கேக்கறாங்க. என்ன சொல்றது?

மேலே சொன்ன எண்ணும் வீடும்தான் இங்கேயும். இதைக் கேட்டவர் சனிக்கிழமை கூலியில் பாதி கடைக்குப் போய்விடும் ஒரு வீட்டின் அம்மா. அவரிடம் போய் மாநில வருவாய் பேசியவர் ஒரு பேங்க் ஊழியர். இருவரும் பொய் சொல்லவில்லை.

இந்த வாதம் நம் ஊருக்குப் பழசு. சென்னை மாகாணத்தில் ராஜாஜி முதன்முதலாக மதுவிலக்கைக் கொண்டுவந்தது 1937 அக்டோபர் 1ஆம் தேதி, சேலம் மாவட்டத்தில்தான். வருமானம் போயிற்றே என்ற கேள்வி அன்றைக்கே எழுந்தது. 1939இல் விற்பனை வரி வந்ததற்கு அந்த இழப்பு ஒரு முக்கியக் காரணம். இதை அந்த அம்மாவிடம் சொன்னேன். அடுத்த கூட்டத்தில் அவர் பேங்க்காரரிடம், "வருமானத்துக்கு வேற வழி அப்பவே கண்டுபிடிச்சாங்களாம். நீங்க படிச்சவங்க, இப்ப ஒரு வழி சொல்லுங்க" என்றார். அவர் வழி சொல்லவில்லை. ஆனால் முதல் தடவையாக அந்த அம்மாவிடம் வீட்டு நிலவரத்தை விசாரித்தார்.

'உங்களுக்கு எந்த ஊரு, ஊர்ல எந்தத் தெரு'ன்னு சும்மாதான் கேட்டேன். அதுக்கு முகம் மாறிடுச்சு. இது தப்பா?

நீங்கள் சும்மா கேட்டிருக்கலாம். அந்தக் கேள்வியை அவரிடம் சும்மா கேட்காதவர்கள் உங்களுக்கு முன்னால் நூறு பேர் இருந்திருப்பார்கள். வாடகைக்கு வீடு பார்க்கும்போது 'எந்தத் தெரு', 'குலதெய்வம் எது', 'கறி சாப்பிடுவீங்களா' என்று மூன்று கேள்வி வரும். மூன்றும் ஒரே கேள்விதான். ஊர் தெரிய வேண்டுமென்றால் உங்கள் ஊரை முதலில் சொல்லி நிறுத்துங்கள். அவர் சொல்கிற அளவு போதும். தெருவரைக்கும் போக வேண்டாம்.

பெரியவங்ககிட்ட எதிர்த்துப் பேசலாமா? எங்க பெரியப்பா, 'பொண்ணுக்குச் சீர் செஞ்சாச்சு, அப்புறம் என்ன பங்கு'ன்னு சபையிலேயே சொல்றாரு.

சபையில் சொன்னதற்குச் சபையிலேயே பதில் சொன்னால் அவருக்குப் பின்வாங்க வழி இருக்காது. ராத்திரி சாப்பாடு முடிந்து கட்டிலை வாசலில் போட்டுக்கொண்டு உட்காருவார் இல்லையா, அப்போது பேசுங்கள். சட்டத்தை முதலில் எடுக்காதீர்கள். "பெரியப்பா, அத்தை பங்கு கேட்டிருந்தா அப்ப தாத்தா என்ன சொல்லியிருப்பாரு?" என்று ஆரம்பியுங்கள். பெரும்பாலும் ஒரு பழைய பயம் வெளியே வரும். பங்கு வாங்கின பெண்ணுக்குத் தாய்வீடு இல்லை, அண்ணன் தம்பி முகம் பார்க்க மாட்டார்கள் என்ற பயம். அவர் மறுப்பது பணத்தை என்று நீங்கள் நினைப்பீர்கள். நீங்கள் கேட்பது உறவை அறுக்க என்று அவர் நினைப்பார்.

அதற்காகச் சட்டத்தை மறைக்க வேண்டாம். தமிழ்நாட்டில் 1989லேயே பூர்வீகச் சொத்தில் மகளுக்குச் சம உரிமை வந்துவிட்டது. அதற்கு முன்பே கல்யாணமானவர்களுக்கு இல்லை என்று அப்போது ஒரு விலக்கு இருந்தது. நாடு முழுவதற்கும் 2005இல் திருத்தம் வந்தது. அந்தத் தேதியில் அப்பா உயிரோடு இருந்திருக்க வேண்டியதில்லை என்று 2020இல் உச்ச நீதிமன்றமும் சொல்லிவிட்டது. சீர் என்பது சீர், பங்கு என்பது பங்கு. இதைப் பெரியப்பாவிடம் மரியாதையாகச் சொல்லலாம். மரியாதை என்பது குரலில் இருக்க வேண்டியது, விஷயத்தைக் குறைத்துச் சொல்வதில் இல்லை.

போன்ல வந்த வீடியோவை நம்பிட்டு ஒருத்தர் வாதாடறாரு. பொய்னு சொன்னா, 'நீ யார் பக்கம்'னு கேக்கறாரு.

2023 மார்ச்சில் நடந்ததைச் சொல்கிறேன். தமிழ்நாட்டில் வடமாநிலத் தொழிலாளர்களை அடிக்கிறார்கள், கொல்கிறார்கள் என்று வீடியோக்கள் பரவின. வேறெங்கோ, வேறு எதற்கோ நடந்ததை வெட்டி ஒட்டியது அது. போலீஸ் மறுத்தது, பீகாரிலிருந்து அதிகாரிகள் குழு வந்து பார்த்துவிட்டுப் போனது. எங்கள் பட்டறையில் மெருகு வேலை செய்யும் வடமாநிலப் பையனுக்கு ஒரே ராத்திரியில் ஊரிலிருந்து பதினேழு அழைப்பு. காலையில் பெட்டி கட்டி உட்கார்ந்திருந்தான். முதலாளி, "வதந்திடா, போய் வேலையைப் பாரு" என்று கத்தினார். அவன் நகரவில்லை. பட்டறை அக்கா ஒருவர் அவன் போனை வாங்கி, வீடியோ காலில் அவன் அம்மாவுக்குப் பட்டறையைச் சுற்றிக் காட்டினார். பாஷை தெரியாது. டீ, தட்டுவடை எல்லாம் காட்டினார். பையன் ஹோலிக்கு ஊருக்குப் போனான், திரும்பியும் வந்தான்.

'பொய்' என்ற சொல் வீடியோவின்மேல் விழாது, அதை நம்பினவர்மேல்தான் விழும். அதனால் "இதைப் பார்த்து நானும் பயந்துட்டேன், யார் எடுத்ததுன்னு பார்க்கலாமா?" என்று அவர் பக்கத்தில் உட்கார்ந்து தேடுங்கள். யார் பக்கம் என்ற கேள்விக்கு அந்த நாற்காலியே பதில்.

நம்ம ஊர்க் குறையை வெளியாள் பேசினா பத்திக்கிட்டு வருது. வரக்கூடாதா?

வரும். எனக்கும் வரும். தொட்டில் குழந்தைத் திட்டம் 1992இல் முதலில் சேலத்தில்தான் தொடங்கியது. பெண் சிசுக்கொலை இங்கே அவ்வளவு இருந்தது. வெளியூர் நண்பர் ஒருவர் இதை எடுத்தபோது, மாம்பழம், ஸ்டீல், வெண்பட்டு என்று ஊர்ப் பெருமையை அடுக்க ஆரம்பித்தேன். அவர் கேட்டது அது இல்லை. கோபம் வரும்போது, அவர் சொன்னது உண்மையா என்று மட்டும் முதலில் பாருங்கள். உண்மையாக இருந்தால் "ஆமாம்" என்று சொல்லிவிட்டு, அவர் சொன்ன தொனி பிடிக்கவில்லை என்றால் அதைத் தனியாகச் சொல்லுங்கள். இரண்டையும் சேர்த்துச் சொன்னால் உண்மையை மறுத்த மாதிரி ஆகிவிடும்.

எட்டு வழிச்சாலை வேணும்னு சொன்னா துரோகியா? என் சொந்தத் தம்பியே அப்படிக் கூப்பிட்டான்.

2018இல் சேலம் சென்னை எட்டு வழிச்சாலை, 277 கிலோமீட்டர் என்று அறிவிப்பு வந்தபோது பல வீடுகள் இரண்டாயின. நிலமெடுப்பை 2019 ஏப்ரலில் உயர் நீதிமன்றம் ரத்து செய்தது. 2020 டிசம்பரில் உச்ச நீதிமன்றம், புதிதாக அறிவிக்கை விட்டு எடுக்கலாம் என்றது. இதைக் கேட்டவர் சங்ககிரியில் லாரி வைத்திருப்பவர். தம்பிக்கு அயோத்தியாப்பட்டினம் பக்கம் இரண்டு ஏக்கர் காடு, ஒரு கிணறு. அண்ணனுக்கு ரோடு என்றால் டீசல். தம்பிக்கு ரோடு என்றால் கிணற்றோரம் நட்டுவிட்டுப் போன அளவுக் கல்.

துரோகி, கைக்கூலி, சங்கி (பா.ஜ.க. ஆள்), உபி (தி.மு.க. ஆள்) மாதிரி ஒட்டுச் சீட்டு விழுந்துவிட்டால் அதற்குமேல் பேசுவது வீண். பேசுவது சாலையைப் பற்றி இல்லை, ஆளைப் பற்றி என்றாகிவிடும். அந்தச் சொல்லுக்குப் பதில் சொல்லாதீர்கள். "உன் கிணறு போகக்கூடாதுன்னு நானும்தான் நினைக்கறேன். ரோடு வேணும்னும் நினைக்கறேன். ரெண்டையும் ஒண்ணா எப்படிப் பேசறதுன்னு தெரியல" என்று இவர் தம்பியிடம் சொன்னாராம். தம்பி ஒத்துக்கொள்ளவில்லை. அந்தச் சொல்லை மட்டும் திரும்பச் சொல்லவில்லை.

வார்த்தையை விட்டுட்டேன். இப்ப எப்படிச் சரி பண்றது?

'ஆனா' போடாமல் மன்னிப்புக் கேளுங்கள். "மன்னிச்சுக்குங்க, ஆனா நீங்களும்..." என்று ஆரம்பித்தால் அது இரண்டாவது ரவுண்டு. 'உங்க மனசு புண்பட்டிருந்தா' என்பதும் வேண்டாம். என்ன சொன்னீர்களோ அதைச் சொல்லிக் கேளுங்கள்.

மளிகைக்கடை அண்ணனிடம் நான் விஷயத்தைச் சொன்னபோது கொஞ்ச நேரம் தராசைத் துடைத்துக்கொண்டே இருந்தார். இரண்டு மாதம் கழித்து அந்தப் பெண் வந்த அன்றைக்கு, எல்லோர் முன்னாலும், "அம்மிணி, நான் கேரளான்னு நெனச்சுப் பேசிட்டேன். உங்க மலையடிவாரத்துல உக்காந்துட்டு உங்களையே ஊருக்குப் போகச் சொல்லிட்டேன்" என்றார். அந்தப் பெண் "பரவாயில்லைங்கண்ணா" என்றார். அப்புறம், "கேரளாக்காரங்களா இருந்தாலும் அப்படிச் சொல்லலாமாங்கண்ணா?" என்றார். அண்ணன் தலையைச் சொறிந்தார். அந்த மாதம் பேசவேண்டிய தலைப்பை விட்டுவிட்டு இதையே பேசினோம்.

எல்லாத்துக்கும் ரெண்டு பக்கம் கேக்கணும்னு சொல்றீங்க. தீண்டாமைக்குக் கூடவா?

இல்லை. சாலைக்கு இரண்டு பக்கம் உண்டு. டீக்கடையில் தனி டம்ளர் வைப்பதற்கு இரண்டாவது பக்கம் கிடையாது. அரசியல் சட்டத்தின் 17ஆவது பிரிவு தீண்டாமையை ஒழித்துவிட்டது. 1955 சட்டமும் 1989இன் வன்கொடுமைத் தடுப்புச் சட்டமும் அதைக் குற்றம் என்கின்றன. நடந்த கொடுமையைப் புரிதல் குறைபாடு என்று பேசி முடிப்பது, அடி வாங்கியவரையே சமாதானத்துக்கு இழுப்பது. அங்கே வேண்டியது புகாரும் வக்கீலும், கூடப் போய் நிற்கிற ஆளும். மேலே சொன்ன கேட்கும் முறைகள் எல்லாம் கருத்தில் மோதுகிறவர்களுக்கு.

என்னைப் பத்தின விஷயத்தை நானேதான் எல்லாருக்கும் விளக்கிட்டே இருக்கணுமா? சலிச்சுப் போச்சு.

வேண்டாம். இதைக் கேட்டவர் திருநங்கை. எந்தக் கூட்டத்துக்குப் போனாலும் முதல் அரைமணி அவர் உடம்பைப் பற்றிய கேள்வியிலேயே போகிறது என்றார். 'இன்னிக்குச் சொல்லலைங்க' என்ற பதில் போதும். தெரிந்த மற்றவர்கள் அந்த வேலையை எடுத்துக்கொள்ள வேண்டும். எங்கள் கூட்டத்தில் இப்போது அப்படித்தான். அவர் வந்தால் தண்ணீர் லாரி வராததைப் பற்றித்தான் அதிகம் சண்டை போடுகிறார்.

இவ்வளவு சொல்றீங்களே, உங்களுக்கு யார்கூடயும் பேச்சு அந்து போனதில்லையா?

போயிருக்கிறது. என் மச்சானோடு மூன்று வருஷமாகப் பேச்சு இல்லை. அவர் மகள் வேறு சாதிப் பையனைக் கட்டிக்கொண்டாள். நான் ரிஜிஸ்டர் ஆபீஸில் சாட்சிக் கையெழுத்துப் போட்டேன். அவர் கேட்ட கேள்வி, "எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமில்ல?" நான் சாதியைப் பற்றி ஒரு மணி நேரம் பதில் சொன்னேன். அவர் கேட்டது சாதியை இல்லை என்பது வீட்டுக்கு வந்து படுத்த பிறகுதான் உறைத்தது. கையெழுத்தில் எனக்கு இன்றைக்கும் மாற்றுக் கருத்து இல்லை. அந்த ஒரு மணி நேரப் பேச்சைத்தான் திருப்பி வாங்க முடியவில்லை.

ஒவ்வொரு மே மாதமும் என் மனைவி ஒரு கூடை மல்கோவா கொடுத்து அனுப்புவாள். கூடை காலியாகத் திரும்பி வரும். இந்த வருஷம் அடியில் காப்பித்தூள் பொட்டலம் இரண்டு இருந்தது, அவருடைய ஏற்காட்டுத் தோட்டத்துக் காப்பி. போன் பண்ணினேன், எடுக்கவில்லை. ஆடிக்குக் கோட்டை மாரியம்மன் கோயிலுக்கு வருவார், அங்கே பார்க்கலாம் என்றிருக்கிறேன்.